வலிக்குதுங்களா

திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டு மண்டபத்தில்
கர்னல் கோகிலாமணிக்குப் பாராட்டு விழா.
முப்பத்து நாலு வருஷச் சேவை என்றது பேனர்.
அதில் அவர் படத்தைவிட
ரிக் முதலாளிகள் சங்கத் தலைவர் படம் பெரிது.

பதக்கங்களை ஒருவர் வாசித்தார்,
சீட்டுக் கணக்கு ஒப்பிப்பதுபோல, மூச்சு விடாமல்.
அடுத்து நான். இரண்டு நிமிஷம்.
"முன்னாள் ராணுவ வீரர், இந்நாள் போர்வெல் டிரில்லர்
குழந்தைவேலு அவர்களை அன்போடு..."

மைக் முன்னால் நின்றதும்
எழுதி வந்த தாளைப் பிரிக்கத் தோன்றவில்லை.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பனி.
இடது காலில் மூன்று விரல்கள்
தணலில் மறந்துவிட்ட கத்தரிக்காயாகியிருந்தன.
எட்டு நாளாக யாரும் தமிழில் பேசவில்லை.
நானே எனக்குள் பேசிப் பார்த்தேன்,
யாரோ பேசுவதுபோல் இருந்தது.
கூடாரத்துக்குள் ஒரு மேஜர் வந்தார், முகத்தில் மாஸ்க்.
சீட்டில் என் ஊரைப் பார்த்திருப்பார் போல.
"வலிக்குதுங்களா?"

கேள்வி எல்லா டாக்டரும் கேட்பதுதான்.
அந்த "ங்க"தான்.
பட்டாளத்தில் சேர்ந்த நாள் முதல்
எனக்கு அதை எவரும் தந்ததில்லை.
உண்மையில் வலிக்கவே இல்லை, மரத்துக் கிடந்தது.
ஆனாலும் "ஆமாங்க" என்றேன்,
வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமல்லவா.

மூன்றை எடுத்தார். இரண்டை விட்டார்.
நாலாவதும் தங்காது என்றார்கள் மற்றவர்கள்.
"பொறுத்துப் பாக்கலாமுங்க."
பதினோரு நாள், தினமும் கட்டைப் பிரித்து
முகர்ந்து பார்த்தார். பதினோரு நாள்.

நான் இன்று பாறைக்குள் எண்ணூறு அடி இறங்குகிறவன்,
சத்தீஸ்கர் வரைக்கும் லாரி போகும்.
ராடு இறக்க யாருக்கும் வரும்.
எந்த அடியில் நிறுத்துவது என்பது
கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
அதை நான் முதலில் பார்த்தது
ஒரு சின்னக் கத்தியில்.

ஒருநாள் கோவேறு கழுதை ஒன்று
கூடாரத்துக்குள் தலையை நுழைத்தது.
"கொஞ்சம் நவுருங்க சாமி" என்றார்.
நகர்ந்துவிட்டது.
(மண்டபம் சிரித்தது. தலைவர் தாமதமாகச் சிரித்தார்.)

பக்கத்துக் கட்டிலில் பூரண் நேகி,
கட்வால்காரன், பத்தொன்பது வயது.
இதைச் சொல்லலாமா என்று அவரைப் பார்த்தேன்.
மாலையில் தளர்ந்த நாரை
விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.
சரி, சொல்கிறேன்.

விடிகாலை மூன்று மணி. மேகம். ஹெலிகாப்டர் வரவில்லை.
அவன் நெற்றியில் கையை வைத்து,
அவனுக்குத் தெரியாத நம் பாஷையில்
"போயிட்டு வாங்க கண்ணு" என்றார்.
நம்மூரில் எவரையும் போ என்று அனுப்புவதில்லை.
பிறகு நேரம் குறித்தார். கையெழுத்துப் போட்டார்.
வெளியே போய்
காலி மண்ணெண்ணெய்த் தகரத்தை ஓங்கி உதைத்தார்.

அந்தச் சத்தம்
இவர்கள் வாசித்த பட்டியலில் இல்லைங்க.

மணியடித்துவிட்டார்கள்.
சல்யூட் வைக்காமல் இறங்க மனமில்லை.
வெறுந்தலையோடு வைக்கக் கூடாது, அது விதி.
எனக்குப் போர்த்திய துண்டை உதறி
உருமால் கட்டினேன், நாலு சுற்று.
குதிகால் சேர்த்தேன். நிமிர்ந்தேன்.

கர்னல் எழுந்தார்.
முகத்தைப் பார்க்கவில்லை. கையையும் பார்க்கவில்லை.
குனிந்து என் காலைப் பார்த்தார்.

"எடது பக்கம் சாயறீங்க.
செருப்புக்குள்ள பஞ்சு வெக்கறத உட்டுட்டீங்களா?"

மைக்கை யாரும் அணைக்கவில்லை.
பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் வரை
கேட்டிருக்கும்.